காலாவதியான ஃபிலிமும் எடைக்குப் போட்ட நெகட்டிவும்



போன மாதம் நான் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் "டீச்சர், இது எந்தக் காலத்துப் படம்?" என்று கேட்டிருந்தீர்கள். அம்பது வருஷத்துக்கு முந்தையது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐம்பது நாள்கூட ஆகவில்லை, இந்தத் தை மாதம் எடுத்ததுதான். ஆனால் அது எடுக்கப்பட்ட ஃபிலிமின் பெட்டியில் அச்சடித்திருந்த கெடு 1994-லேயே முடிந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு நீளம். சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். ஃபிலிம் பெட்டியிலும் அப்படி ஒரு தேதி உண்டு என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. மாதம், வருஷம் போட்டு, இதற்குள் படம் எடுத்துக் கழுவிவிடு என்று எழுதியிருப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. போட்டோ எடுக்கும் வித்தை நம் நாட்டுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு தேதிக்கு வேலையே இல்லை. கடையில் வாங்கி அலமாரியில் வைக்கிற சரக்காக இருந்தால்தானே தேதி போட முடியும்? அன்றைக்குப் படம் எடுப்பவரே காகிதத்திலோ கண்ணாடியிலோ மருந்து பூசிக்கொள்ள வேண்டும். 1851-ல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் கொண்டுவந்த ஈரத்தகடு முறையில் கண்ணாடியில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். கிட்டத்தட்ட பத்து, பதினைந்து நிமிடம். அதுதான் அதன் ஆயுள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதுவும் கிடைத்திருக்காது.

அதனால்தான் தஞ்சைப் பெரிய கோயிலை முறையாகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன் கண்ணாடியைவிடக் காகிதத்தை அதிகம் நம்பினார். மெழுகேற்றிய காகிதத்தில் மருந்து பூசி முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக அவர் 1858-ன் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி இறந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ரயில் இந்தப் பக்கம் வரவில்லை. ஐயாசாமி என்ற தமிழர் ஒருவர் டிரைப்பிடம் உதவியாளராக இருந்தார். மதராஸில் டாக்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய கலைப்பள்ளியோடு தொடர்புடையவர். நம் ஆட்களில் இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை அது.

டிரைப் தஞ்சையிலும் திருவையாற்றிலும் எடுத்த படங்கள் அந்த ஆண்டே ஒரு தொகுப்பாக வந்தன. அதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். நான் ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய கோயில் பாடம் நடத்தியபோதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு நினைவிருக்கலாம். கயிற்றால் வகுப்பறையில் 19 அடி அளந்துகூடக் காட்டியிருக்கிறேன்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நீளம் அல்ல. அந்தக் கல்வெட்டை டிரைப்பால் படிக்க முடியாது. அவருக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கத்திலும் அதை முழுதாகப் படித்தவர் கிடையாது. இவ்வளவு பெரிய கோயிலை யார் கட்டியது என்பதே அன்றைய ஆங்கிலேய அறிஞர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. 1886-ல் கல்வெட்டாளராக நியமிக்கப்பட்ட ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து படித்துச் சொன்ன பிறகுதான் இது முதலாம் ராஜராஜன் கட்டியது என்பது உறுதியாயிற்று. அதாவது என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல், ஆனால் எழுதியிருப்பது தொலையக்கூடாது என்று ஒருவர் படமெடுத்து வைத்தார். அதைப் பத்திரப்படுத்தவும் ஆள் இருந்தார்கள். இது நினைவில் இருக்கட்டும். பிறகு வருகிறேன்.

(டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் இது வீண் செலவு என்று நிறுத்திவிட்டார்கள். சிக்கனம் என்றால் முதலில் இதுபோன்ற செலவில்தான் கை வைப்பார்கள். அன்றும் அப்படித்தான்.)

இனி காலாவதிக்கு வருவோம். 1871-ல் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியில் பூசிக் காயவைத்துப் பார்த்தார். ஜெலட்டின் என்பது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை. ஐஸ்கிரீமிலும் மாத்திரைக் குப்பியிலும் இருக்கிறதே, அதேதான். காய்ந்த பிறகும் அந்தத் தகடு வேலை செய்தது. அதன் பிறகு ஃபாக்டரியில் செய்து, பெட்டியில் அடைத்து, கப்பலேற்றி அனுப்பலாம் என்றாயிற்று. கடைச்சரக்காக ஆன பிறகு தேதியும் கூடவே வந்தது.

கடுகுக் கதை ஒன்றும் சொல்லியாக வேண்டும். சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் வேகமாகவும் சிலவற்றில் செய்தது மந்தமாகவும் இருந்தது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1925-ல் கோடக் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஷெப்பர்டு கண்டுபிடித்தார்: கடுகுச் செடி மேய்ந்த மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டினில் கந்தகச் சேர்மங்கள் துளியளவு இருந்தன. அதுதான் வேகத்துக்குக் காரணம். மாடு கடுகைத் தின்றதால் மனிதன் படம் எடுத்தான். அறிவியல் பாடத்தில் இதையெல்லாம் போட்டால் எந்தப் பிள்ளை தூங்கும்?

ஃபிலிம் ஏன் கெடுகிறது? வெள்ளி புரோமைடின் நுண்ணிய பரல்கள் ஜெலட்டினுக்குள் சிதறிக் கிடக்கும். ஒரு பரலின் மேல் ஒளி பட்டால் அதில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றாகச் சேரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் என்ற திரவத்தில் போட்டால், அந்த நாலைந்து அணு இருக்கும் பரல் முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். மற்றவற்றை ஹைப்போ கரைத்துவிடும். எஞ்சியிருக்கிற வெள்ளிதான் படம். ஆனால் ஒளியே படாவிட்டாலும், வெப்பத்தாலும் விண்ணிலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் கதிர்வீச்சாலும் வருஷக்கணக்கில் சில பரல்களில் அதே மாதிரி அணுக்கள் சேர்ந்துகொள்ளும். யாரும் எடுக்காத படத்தைக் காலமே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கும். கழுவும்போது அது ஃபிலிம் முழுக்கச் சாம்பல் படலமாக வரும். புகை என்பார்கள் ஸ்டூடியோக்காரர்கள். அதோடு ஃபிலிமின் வேகமும் குறையும்.

ஆக, பெட்டியில் உள்ள தேதி தயாரித்தவர் கொடுக்கும் உத்தரவாதத்தின் எல்லைதான். சாவு தேதி கிடையாது. 1897-ல் ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் இரண்டு தோழர்களுடன் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்டு, பனியில் இறங்கி, மூவரும் இறந்துபோனார்கள். 33 வருஷம் கழித்து, 1930-ல் ஒரு தீவில் அவர்களுடைய உடல்களோடு ஃபிலிமும் கிடைத்தது. ஹெர்ட்ஸ்பர்க் என்பவர் பொறுமையாகக் கழுவி 93 படங்களை மீட்டார். விழுந்த பலூனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். அது பனிக்கட்டிக்குள் கிடந்த ஃபிலிம். நம் தஞ்சாவூரில் ஓட்டு வீட்டுப் பரணில் முப்பது கோடையைக் கண்ட ஃபிலிம் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

"எங்கள்" என்றால் நானும் என் மாணவன் ஒருவனும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனுடைய தாத்தா இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். தேக்குமரப் பெட்டிக் கேமரா, பித்தளை லென்ஸ், கறுப்புத் துணி, மூன்று கால் எல்லாம் அவன் வீட்டில் இன்னும் இருக்கின்றன. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை உங்களில் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நிற்பார். உள்ளே உருவம் தலைகீழாகத் தெரியும். வெளியே வந்து லென்ஸ் மூடியைக் கழற்றி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிவிட்டு மூடுவார். கடைசி பெஞ்சுக்காரன் சரியாக அந்த நேரத்தில்தான் தலையைத் திருப்புவான்.

பழைய படங்களில் நம் பாட்டிமார் எல்லோரும் கறுப்புப் பொட்டு வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் வைத்தது குங்குமம்தான். அந்தக் காலத்துத் தகடுகளுக்கும் பல ஃபிலிம்களுக்கும் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் தெரியும். சிவப்புப் பொட்டு, அரக்குச் சேலை எல்லாம் கறுப்பாக விழும். மஞ்சள் பூசிய முகமும் கொஞ்சம் கறுத்துப்போகும். அதற்காகத்தான் ஸ்டூடியோவில் பவுடர் டப்பா வைத்திருப்பார்கள். பிறகு நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்குவார்கள். "என் கல்யாணப் படத்தில் நான் இவ்வளவு சிவப்பா?" என்று கேட்கிற பாட்டிகளுக்குப் பதில் இதுதான். பென்சில் செய்த வேலை.

சிவப்பு தெரியாத ஃபிலிமில் ஒரு வசதி உண்டு. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். இருட்டறையில் சிவப்பு பல்பு எரிவது அதனால்தான்.

எங்களுக்குக் கிடைத்த பெட்டி எக்ஸ்ரே ஃபிலிம். 10-க்கு 12 அங்குலத் தாள்கள். மூடிவிட்ட ஒரு மருத்துவமனையின் பழைய சாமான்களோடு வந்தது. மேலே 'இந்து' என்று போட்டிருந்தது. நாளிதழும் அல்ல, மதமும் அல்ல. வடமொழியில் இந்து என்றால் நிலா. ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சரக்குப் பெயர் அது.

அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போய்விட்டது. 1960-ல் பதிவானது. பிரான்சின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிம் செய்யத் தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். ஊட்டியில் இரண்டும் இருந்தன. சினிமாவுக்கான கறுப்பு வெள்ளை ஃபிலிம், கேமராச் சுருள், போட்டோத் தாள், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே என்று எல்லாம் வந்தன. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள். இருட்டிலேயே எட்டு மணி நேர வேலை என்றால் யோசித்துப் பாருங்கள். அன்னியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த அந்தக் காலத்தில் கோடக், இல்ஃபோர்டு என்று கேட்டால் விலை தாங்காது. கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ வரும், ரூபாய் வணிகத்தில். அது இல்லாவிட்டால் இந்து. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. அதில் பன்னிரண்டு படம் எடுக்கலாம். என் தம்பி இந்துச் சுருளைத்தான் போடுவான், விலை குறைவு என்பதற்காக.

பிறகு கலர் வந்தது. இறக்குமதியும் திறந்துவிடப்பட்டது. கடன் ஏறியது. 1990-களின் நடுவில் நலிவடைந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, இழுத்துக்கொண்டே கிடந்தது. 2014-ல் மத்திய அமைச்சரவை ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கை முடித்தது. அதன் சரியும் தப்பும் பொருளாதாரம் படித்தவர்கள் பேசட்டும். என் வருத்தம் வேறு. நாற்பது வருஷம் நம் மக்களின் நெஞ்செலும்பையும் கல்யாணத்தையும் பள்ளிக்கூட வரிசையையும் பதிவு செய்த ஃபிலிம் நம் மாநிலத்தில், நம் கைகளால் செய்யப்பட்டது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கோடையில் இதைச் செய்ய முடியாது. டெவலப்பருக்கு 20 டிகிரி உகந்தது. நம் குழாய்த் தண்ணீர் சித்திரையில் முப்பதைத் தாண்டி நிற்கும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகிக் கழன்று வந்துவிடும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஐஸ் வாங்கி வைத்து ராத்திரியில் கழுவுவார்களாம், மண்பானைத் தண்ணீரும் வைத்துக்கொள்வார்களாம். தாத்தா சொன்னதாக அவன் சொன்னான். ஆகவே தைக் குளிர் வரட்டும் என்று காத்திருந்தோம். விடியற்காலைத் தண்ணீர் 23 டிகிரி இருந்தது. போதும் என்றான்.

எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம்தான் இருட்டறை. சன்னலுக்குக் கறுப்புத் துணி, சிவப்பு பல்பு ஒன்று. மூன்று தாள்களை வெட்டினான். கேமராவின் அரை பிளேட் அளவுக்கு ஒரு தாளில் இரண்டு துண்டு வரும். மொத்தம் ஆறு. கண்ணாடித் தகடு மாட்டும் கட்டையில் ஃபிலிம் ஆடும் என்பதால் பின்னால் அட்டை வைத்தான். எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். தட்டில் உரசினால் அடிப்பக்கம் கீறிவிடும். அதற்குத் தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டான். பள்ளியில் இவன் ஒரு நாளும் இவ்வளவு பொறுப்பாக இருந்து நான் பார்க்கவில்லை.

முதல் துண்டில் படமே எடுக்கவில்லை. அப்படியே கழுவினோம். காலம் எவ்வளவு படம் எடுத்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. மழை மேகம் மாதிரி சாம்பலாக வந்தது. காற்று நுழைகிற ஓரங்கள் இன்னும் கறுப்பு. ஆனால் முழுக் கறுப்பு இல்லை. அந்தச் சாம்பலுக்கு மேல் எழுத இடம் இருந்தது. டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடு ஒரு சிட்டிகை கூடுதலாகச் சேர்த்தான். அது புகையை அடக்கும். இரண்டாவது வெறுந்துண்டு கொஞ்சம் தெளிவாக வந்தது. மிச்சம் நாலு.

வெளிச்சக் கணக்கு என் வேலை. பத்து வருஷத்துக்கு ஒரு மடங்கு என்று வழக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து ஆண்டுக்கு 2 பங்கு ஒளி, இருபதுக்கு 4, முப்பதுக்கு 8. புது ஃபிலிமுக்கு அரை நொடி போதும் என்றால் இதற்கு நாலு நொடி. படத்துக்கு உட்காருபவர் நாலு நொடி அசையக்கூடாது.

உட்கார்ந்தவர் ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெரியம்மா. சொந்தங்களுக்கு எந்தப் பெரியம்மா என்று புரிந்திருக்கும். எண்பத்து நாலு வயது. குறுவை, சம்பா என்று நாற்பது போகத்துக்கு மேல் நடவு நட்ட கை. அவருக்கென்று இருக்கிற படம் வாக்காளர் அட்டையிலும் ரேஷன் அட்டையிலும் உள்ளதுதான். திண்ணை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

"அசையாம இருக்கணும் பெரியம்மா. நாலு எண்ணுற வரைக்கும்."

"மூச்சு விடலாமா?"

விடலாம் என்றோம். விடாமல்தான் இருந்தார் போலிருக்கிறது. நாலாவது எண்ணிக்கையில் உதடு மட்டும் அசைந்தது. படத்திலும் அது தெரிகிறது.

மறுநாள் விடியலில் கழுவினோம். முதல் துண்டில் ஏதோ வெளிச்சம் கசிந்து பாதி போய்விட்டது. இரண்டாவது சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு, "டீச்சர், வருது பாருங்க!" என்று கத்தினான். முதலில் சேலையின் வெளுத்த மடிப்புகள் கறுப்பாக எழுந்தன. பிறகு நரைத்த தலை. அப்புறம் முகம். நெற்றியில் மட்டும் ஒன்றுமில்லாத வட்டம். வேப்பமரத்தடி மாரியம்மன் கோயில் குங்குமத்தை வைத்திருந்தார், அதுதான். வினிகர் கலந்த தண்ணீரில் போட்டு, ஹைப்போவில் போட்டு, அரை மணி நேரம் அலசினோம். மற்ற இரண்டு துண்டுகளில் ஒன்று சுமார், ஒன்று நன்று. நீங்கள் பார்த்தது அந்த நன்று.

ஈரம் காய்ந்ததும் நெகட்டிவை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் காட்டினோம். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் அச்சுப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அதைக் கேட்கவில்லை.

"உங்க பெரியப்பாவுக்கும் இப்படி ஒண்ணு இருந்திருக்குமா?" என்றார்.

இருந்தது. அதுதான் விஷயம்.

பெரியப்பா 1981-ல் காலமானார். வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்று, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது ஓடெல்லாம் பறந்து வீட்டுக்குள் தண்ணீர் கொட்டியது. தென்னை மரங்கள் சாய்ந்ததை எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். சுவரில் இருந்த படங்கள் போனதை யாரும் எழுதவில்லை. தண்ணீர் பட்டால் ஜெலட்டின் உப்பிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பெரியப்பா படம் அப்படித்தான் போயிற்று. நெகட்டிவ் இருக்குமே என்று அதை எடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனார்கள். கடை மாறி, கைமாறி, பழைய நெகட்டிவெல்லாம் எடைக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன.

இது ஒரு கடைக்காரரின் குற்றம் அல்ல, நான் யாரையும் குறை சொல்லவில்லை. நம் பகுதி முழுக்க இப்படித்தான் நடந்தது. கண்ணாடி நெகட்டிவ்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் படத்தைச் சுரண்டிவிட்டு, சாமி படத்துக்குச் சட்டக் கண்ணாடியாக விற்றார்கள். ஃபிலிம் நெகட்டிவையும் பழைய எக்ஸ்ரேயையும் தெருவில் வந்து கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள், வெள்ளி எடுப்பதற்காக. மேலே சொன்னேனே, எஞ்சியிருக்கிற வெள்ளிதான் படம் என்று. அந்த வெள்ளியை உருக்கினால் முகமும் சேர்ந்துதான் உருகும். நம்மில் யாருடைய கொலுசிலாவது யாருடைய தாத்தாவாவது இருப்பார்.

யாரும் தொடாத பெட்டி ஒன்று முப்பது வருஷம் கழித்தும் படம் பிடிக்கிறது. கழுவி, காய்ந்து, நூறு வருஷம் தாங்கக்கூடிய நெகட்டிவோ எடைக்குப் போய்விடுகிறது. இதில் எது காலாவதியானது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரிய கோயில் திருச்சுற்று மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, என்ன பெயர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல் என்று வெட்டியிருக்கிறான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருகைப் பதிவேடு நினைவு வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பெயர்களை அப்படிக் காத்த ஊரில், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய முகங்களைக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டோம். படத்தில் இருப்பது யார் என்று தெரியாது, அதனால் போட்டோம் என்கிறார்கள். டிரைப்புக்குக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?

எல்லாமே போய்விடவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உள்ளவர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களுக்குப் போய், மிஞ்சியிருந்த கண்ணாடி, ஃபிலிம் நெகட்டிவ்களையும் அச்சுகளையும் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாருடைய பெயரும் இல்லாத எத்தனையோ முகங்கள் அதில் இருக்கின்றன. பொழுதிருக்கும்போது பாருங்கள். உங்கள் பாட்டி யாராவது கறுப்புப் பொட்டோடு உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் நெகட்டிவ் இருந்தால் தண்ணீரால் துடைக்காதீர்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வேர்த்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளில் தனித்தனியாக மடித்து, தாளின் மேல் பென்சிலால் ஊரும் வருஷமும் எழுதி, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரணில் சூடு, தரையில் ஈரம். செல்போனில் படம் எடுத்து நெகட்டிவை நேராக்கிப் பார்க்கவும் இப்போது வழி இருக்கிறது. என் மாணவன் செய்து தருவான். காசு வேண்டாம் என்கிறான்.

கடைசியாக, சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியப்பாவின் அந்தச் சட்டப் படம் தனியாக எடுத்ததல்ல. 1974-ல் நம் ஊர் நாடகக் குழு கோயில் திருவிழாவில் எடுத்துக்கொண்ட குரூப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கியது. குழுவில் பதினாறு பேர். எல்லோரும் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கினார்கள் என்று பெரியம்மா சொல்கிறார். வடுவூர், மன்னார்குடி, திருப்பூர் என்று அந்தப் பதினாறு குடும்பமும் இப்போது பல இடங்களில் இருக்கிறீர்கள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது. ராஜா வேஷம், ஒட்டு மீசை. மீசையின் இடப்பக்கம் கொஞ்சம் கழன்று தொங்கும், அதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று பெரியம்மா சொல்லச் சொன்னார்.